வாயில் காப்போன் கேட்காத பாட்டு

அடக்கத் திருப்பலிக்கு இரண்டாம் மணி அடித்து முடிந்திருந்தது. கோயில் நிறைந்து, முற்றத்திலும் மக்கள் நின்றார்கள். நான் திருவுடை அணிந்துகொண்டிருந்த அறைக்குள் மூன்று இளைஞர்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள். ஒருவன் கையில் கித்தார் இருந்தது. பேழையில் கிடந்தவனுடைய கித்தார் அது என்பதை நான் அறிவேன். புறவழிச்சாலையில் நடந்த விபத்தொன்றில் இருபத்திரண்டு வயதில் இறந்துபோனவன் அவன். எங்கள் பங்கின் பாடகற்குழுவில் ஐந்தாண்டுகள் அக்கருவியை இசைத்தவன். ஞாயிறுதோறும் பீடத்துக்கு இடப்புறம் நின்றவன். இது நடந்தது 2009ஆம் ஆண்டில்.

"ஃபாதர், நற்கருணைக்கு அப்புறம் ஒரே ஒரு பாட்டு. அவனுக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு" என்றான் கித்தார் வைத்திருந்தவன். என்ன பாட்டு என்றேன். ஆங்கிலப் பாட்டு என்றான். ஒரு சினிமாவுக்காக எழுதப்பட்டது என்றான். விண்ணகத்தின் கதவைத் தட்டுவதைப் பற்றியது என்று சொல்லத் தொடங்கினான். நான் முழுவதும் கேட்கவில்லை.

"இது கோயில், தம்பி, கச்சேரி மேடையில்ல. செத்தவனை முன்னால வச்சுக்கிட்டு சினிமாப் பாட்டா பாடுவீங்க?"

அறையில் பீடச் சிறுவர்கள் இருந்தார்கள், உபதேசியார் இருந்தார், இறந்தவனுடைய தாய்மாமனும் இருந்தார். அத்தனை பேர் முன்னிலையில் அதைச் சொன்னேன். மூவரும் மறுபேச்சின்றி வெளியேறினார்கள். திருப்பலி முழுவதும் அவர்கள் கோயிலுக்குள் வரவில்லை; தலைவாசலுக்கு வெளியே தூணோரம் நின்றார்கள். நற்கருணை வழங்குகையில் நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அடக்கம் முடிந்து கல்லறையை மந்திரித்ததும், அடுத்த ஊரில் ஒரு கூட்டம் இருந்ததால் நான் விரைந்து புறப்பட்டுவிட்டேன். அதன்பின் அந்தக் கித்தார்க்காரனைக் கோயிலில் நான் காணவில்லை.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. ஒரு நள்ளிரவில் பங்கு இல்லத்தின் கதவு தட்டப்பட்டது. திறந்தேன், அவன் நின்றான். "ஃபாதர், பாட்டிக்கு மூச்சு இழுக்குது. உங்களைத்தான் கேட்கிறாங்க" என்றான். அவனுடைய மோட்டார் சைக்கிளிலேயே சென்று, அந்த மூதாட்டிக்கு நோயில்பூசுதல் அளித்து, நற்கருணையை வழியுணவாக ஊட்டி, செபித்துவிட்டுத் திரும்பினேன். திரும்பும் வழியில் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதனருகே வந்ததும் அவன் வண்டியின் வேகத்தைத் தானாகக் குறைத்தான்.

"தம்பி, அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன்.

"பரவாயில்ல ஃபாதர். நீங்க போனதும் நாங்க இங்கேயே பாடிட்டோம். அவங்க அம்மாவும் நின்னு கேட்டாங்க." சிறிது தூரம் சென்றபின், முகத்தைத் திருப்பாமலே சொன்னான்: "நீங்களும் கொஞ்ச நேரம் நின்னிருக்கலாம்."

குற்றம் சாட்டும் குரலில் அவன் அதைச் சொல்லவில்லை. அதனாலேயே அச்சொல் என்னை விட்டு அகலவில்லை. சில நாள்களில் அவனே அந்தப் பாட்டையும் அது இடம்பெற்ற திரைப்படத்தையும் குறுந்தகட்டில் பதிந்து கொண்டுவந்து கொடுத்தான். என்ன பாட்டு என்று தெரியாமலேயே தீர்ப்பளித்தவன், தண்டனை முடிந்த பிறகு வழக்கைப் படிக்க உட்கார்ந்தேன்.

பாட்டின் பெயர் 'நாக்கிங் ஆன் ஹெவன்ஸ் டோர்' என்பது. விண்ணக வாயிலைத் தட்டுகிறேன் என்னும் பொருளுடையது. எழுதிப் பாடியவர் பாப் டிலன். 2016இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். படம், 1973இல் வெளிவந்த 'பாட் காரெட் அண்ட் பில்லி த கிட்'. இயக்கியவர் சாம் பெக்கின்பா. குதிரையும் துப்பாக்கியும் புழுதியுமாக நம் ஊர்க் கொட்டகைகளில் ஒரு காலத்தில் ஓடிய கௌபாய் படங்களின் வரிசையில் வருவது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பகுதியில் 1881இல் பில்லி என்னும் இளம் குற்றவாளியை, முன்னாளில் அவனுக்கு நண்பனாயிருந்து பின்னர் காவல் அதிகாரியான காரெட் தேடிச் சென்று சுட்டுக்கொன்ற வரலாறு அதன் கரு. படம் நெடுகக் கொலைகள். பாதியில் நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்பொழுது அந்தக் காட்சி வந்தது. பேக்கர் என்னும் வயதான காவல் அதிகாரி ஒருவர். கதைக்கு அவர் முக்கியமானவரும் அல்லர். இந்த நாட்டைவிட்டே மிதந்து போய்விட வேண்டும் என்று தம் கையால் ஒரு படகு செய்துகொண்டிருக்கிறார். காரெட் வந்து துணைக்கு அழைக்கிறார், அவரும் போகிறார். துப்பாக்கிச் சண்டையில் வயிற்றில் குண்டு பாய்கிறது. இரத்தம் கசியும் வயிற்றைக் கையால் பொத்தியபடி, ஆற்றங்கரையை நோக்கித் தள்ளாடி நடந்து உட்கார்ந்துகொள்கிறார். மாலை வெளிச்சம் மங்கிக்கொண்டிருக்கிறது. மெக்சிகோ நாட்டு நடிகை காட்டி ஹுராதோ அவருடைய மனைவியாக நடித்திருக்கிறார். சற்றுத் தொலைவில் மண்டியிட்டு, கண்ணீர் வழியக் கணவனைப் பார்க்கிறார். இருவரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அந்தப் பேச்சின்மையில்தான் பாட்டு ஒலிக்கிறது.

இக்காட்சிக்காகவே டிலன் அதை எழுதினார். காட்சியைத் திரையில் பார்த்தபடியே இசைப்பதிவு செய்தார்கள். முரசு வாசித்த ஜிம் கெல்ட்னர் தாம் வாசித்துக்கொண்டே அழுததைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். முதற்பதிவு இரண்டரை நிமிடந்தான், இரண்டே கண்ணிகள். கித்தாரில் நான்கு கார்டுகள் தெரிந்தவர்கள் இதை வாசித்துவிடலாம். 1975இல் எரிக் கிளாப்டனும், பின்னர் கன்ஸ் அண்ட் ரோசஸ் குழுவினரும் தத்தம் பாணியில் பாடினார்கள். எங்கள் பங்கு இளைஞர்கள் கற்றது அந்தக் குழுவினர் 1991இல் இசைத்தட்டில் வெளியிட்ட வடிவத்தை.

பாட்டில் சாகிறவன் தன் அம்மாவிடம் பேசுகிறான். முதலில், தன் மார்பிலிருக்கும் அதிகாரச் சின்னத்தைக் கழற்றிவிடச் சொல்கிறான்; இனி அது தனக்குப் பயன்படாது என்கிறான். அடுத்து, தன் துப்பாக்கிகளை மண்ணில் வைத்துவிடச் சொல்கிறான்; இனி அவற்றைச் சுட அவனால் இயலாது. கண்களில் இருள் கவிகிறது. விண்ணகக் கதவைத் தட்டுவதாக அவனுக்குத் தோன்றுகிறது. பாட்டு அவ்வளவே. கதவு திறந்ததா என்று அது சொல்வதில்லை.

இதைக் கேட்டபொழுது எனக்கு இரண்டு எண்ணங்கள் எழுந்தன. ஒன்று, அந்த 'அம்மா'. படத்தில் அருகிலிருப்பவள் மனைவி. பாட்டில் அவன் அழைப்பதோ தாயை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சாவுக் கட்டில்களின் அருகில் நின்றிருக்கிறேன். எண்பது வயது முதியவரும், தம் தாய் இறந்து ஐம்பது ஆண்டுகள் ஆன பின்னும், அந்நேரத்தில் 'அம்மா' என்றே அழைக்கக் கேட்டிருக்கிறேன். நாமும் அருள்நிறை மந்திரத்தில் நாள்தோறும் ஒரு தாயிடம் நம் இறப்பின் வேளையை ஒப்படைத்தே செபிக்கிறோம். டிலன் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். மரியன்னையை நினைத்து அவர் இதை எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. மனித உள்ளம் கடைசி வேளையில் எந்தத் திசையில் திரும்புகிறது என்பதை அவர் கண்டிருக்கிறார் என்றே சொல்கிறேன்.

மற்றொன்று, அந்தக் கைகள். துப்பாக்கி பிடித்த கையால் கதவைத் தட்ட முடியாது. முதலில் கை காலியாக வேண்டும். சின்னத்தைக் கழற்று, ஆயுதத்தைக் கீழே வை, பிறகு தட்டு என்னும் ஒழுங்கு இச்சிறு பாட்டில் பிசகாமல் அமைந்திருக்கிறது. குருமடத்தில் பிலிப்பியர் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தை வைத்து, கிறிஸ்து தம்மையே வெறுமையாக்கிக்கொண்டதைப் பற்றிப் பல வாரங்கள் படித்தோம். தேர்வில் நன்றாகவே எழுதினேன். ஆனால் ஆற்றங்கரையில் அமர்ந்த அந்தப் பேக்கரைப் பார்த்தபொழுதுதான், வெறுமையாவது என்பது கழற்ற முடியாத ஒன்றைக் கழற்றுவது என்று விளங்கியது. ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் செய்வதும் அதுதானே? சாகும் வேளைவரை காத்திராமல், கையில் பலம் இருக்கும்பொழுதே ஆயுதத்தை இறக்கிவைப்பது.

ஆயுதத்தை இறக்கிவைக்கும் இந்தப் பாட்டுக்கு, படம் வெளிவந்து இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் வேறோர் ஊரில் வேறொரு வேலை வந்தது. ஸ்காட்லாந்தின் டன்பிளேன் என்னும் சிற்றூரில் 1996 மார்ச் 13 அன்று, ஒருவன் தொடக்கப் பள்ளிக்குள் நுழைந்து பதினாறு குழந்தைகளையும் அவர்களுடைய ஆசிரியையையும் சுட்டுக்கொன்று தானும் மடிந்தான். குழந்தைகளுக்கு ஐந்து, ஆறு வயது. அவன் வைத்திருந்த துப்பாக்கிகள் முறைப்படி உரிமம் பெற்றவை. அவ்வூர் இசைக்கலைஞர் டெட் கிறிஸ்டபர், டிலனின் பாட்டில் அந்தத் துயரத்தைப் பற்றிய ஒரு புதிய கண்ணியைச் சேர்க்க அனுமதி கேட்டார், டிலன் இசைந்தார். இறந்த குழந்தைகளின் உடன்பிறந்தவர்கள் உள்ளிட்ட அவ்வூர்ப் பிள்ளைகள் சேர்ந்து பாடினார்கள். மார்க் நாப்ளர் கித்தார் வாசித்தார். 1996 டிசம்பரில் வெளியான அந்த இசைத்தட்டு பிரிட்டனில் விற்பனையில் முதலிடம் பெற்றது. வருவாய் குழந்தைகளுக்கான அறப்பணிகளுக்குச் சென்றது.

அதே ஆண்டில், துப்பாக்கிகளைத் தடைசெய்யக் கோரி அங்கே மக்கள் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். அந்த மார்ச் மாதத்தில் டன்பிளேனில் பூத்திருந்த 'ஸ்நோடிராப்' என்னும் சிறு வெண்மலரின் பெயரை அதற்கு இட்டார்கள். 1997இல் இருமுறை சட்டம் இயற்றப்பட்டு, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளில் தனியார் கைத்துப்பாக்கி வைத்திருப்பது ஏறக்குறைய முற்றிலும் தடைசெய்யப்பட்டது. பாட்டுதான் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று சொல்வது மிகை. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரின் விடாமுயற்சி அதைக் கொண்டுவந்தது. ஆயினும், சாகும் மனிதன் ஒருவன் தன் துப்பாக்கியை மண்ணில் வைக்கச் சொன்ன பாட்டை, உயிரோடிருக்கும் குழந்தைகள் எடுத்துப் பாட, ஒரு நாடு தன் துப்பாக்கிகளைக் கீழே வைத்தது என்பது உண்மை. வாள்கள் கலப்பைக் கொழுக்களாகும் என்று எசாயா கண்ட கனவின் ஒரு சிறு துண்டு அங்கே நனவாயிற்று. நான் 'சினிமாப் பாட்டு' என்று ஒதுக்கியது இதைத்தான்.

ஆனால், அன்று நான் மறுத்தது முழுவதும் தவறா? இக்கேள்வியையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதற்கு விடை தேடுகையில் இத்தாலியின் பொலோனா நகரில் நடந்த நிகழ்ச்சி ஒன்று எனக்குத் துணைநின்றது. 1997 செப்டம்பர் 27 அன்று, அங்கு நடந்த தேசிய நற்கருணை மாநாட்டின்போது, இளைஞர்கள் கூடிய மாலை நிகழ்ச்சியில் பாப் டிலன் பாடினார். இன்று நாம் புனிதராகப் போற்றும் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் மேடையில் அமர்ந்து கேட்டார். இலட்சக்கணக்கானோர் திரண்டிருந்தார்கள். டிலன் அன்று முதலில் பாடியது இந்தப் பாட்டைத்தான். அவ்வாண்டின் மே மாதத்தில் இதயத்தைச் சூழ்ந்த உறையில் ஏற்பட்ட நோயினால் மருத்துவமனையில் கிடந்து மீண்டவர் அவர்; தாமே அந்தக் கதவருகே சென்று திரும்பியவர். பாடியபின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு படியேறிச் சென்று திருத்தந்தையை வணங்கினார்.

திருத்தந்தை அன்று இளைஞரிடம் பேசுகையில், டிலனின் வேறொரு புகழ்பெற்ற பாட்டை எடுத்துக்கொண்டார். விடை காற்றில் இருக்கிறது என்னும் அப்பாட்டின் கருத்தை மறுக்காமல், அக்காற்று எல்லாவற்றையும் வெறுமைக்குள் அடித்துச் செல்லும் காற்றன்று, தூய ஆவியாரின் மூச்சும் குரலுமான காற்று என்று விளக்கினார். மனிதன் நடக்க வேண்டிய பாதைகள் எத்தனை என்ற கேள்விக்கு, கிறிஸ்து என்னும் ஒரே பாதையைக் காட்டினார். இளைஞர்கள் கொண்டுவந்த பாட்டைத் தட்டிவிடாமல் கையில் வாங்கி, அதையே மறையுரையாக்கினார்.

அந்நிகழ்ச்சியைப் பற்றி ஐயம் கொண்டிருந்த ஒருவரும் உண்டு. அவர் அன்றைய கர்தினால் ராட்சிங்கர். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டாக ஆனபின் 2007இல் வெளிவந்த நூலில், இத்தகைய பாடகர்களை அம்மேடையில் ஏற்றியது சரிதானா என்ற தயக்கம் தமக்கு அப்பொழுது இருந்ததையும், ஓரளவு இன்னும் இருப்பதையும் மறைக்காமல் எழுதினார். ஒரே திருச்சபை; ஒரே பற்றுறுதி; இரு பெரும் மேய்ப்பர்கள்; இரு வேறு கருத்துகள். இருவருக்கும் பக்கத்தில் எனக்கு இடமிருக்கிறது என்று கண்டேன்.

திருப்பலிக்குள் இந்தப் பாட்டு கூடாது என்பதில் இன்றும் நான் மாறவில்லை. வழிபாட்டில் பாடும் பாடல்கள் திருஅவையின் போதனைக்கு இசைந்தவையாய், முதன்மையாக மறைநூலிலிருந்தும் திருவழிபாட்டு ஊற்றுகளிலிருந்தும் பிறந்தவையாய் இருக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வகுத்த நெறி ஆழ்ந்த பொருளுடையது. பொலோனாவிலும் டிலன் பாடியது திருப்பலியில் அன்று, மாலைக் கூட்டத்தில். கதவு திறந்ததா என்று சொல்லாமல் முடிகிற பாட்டு அது. அடக்கத் திருப்பலியோ, கதவு உயிர்த்த ஆண்டவரால் திறக்கப்பட்டுவிட்டது என்று அறிக்கையிடுகிறது. ஆகவே, நான் கையில் வைத்திருந்த விதி சரியானதே. அதை நான் பிடித்த விதம்தான் தவறு. நெறியாக இருந்ததை ஆயுதமாகப் பிடித்தேன். நண்பனை இழந்து நின்ற மூன்று பிள்ளைகளை நோக்கி அதைச் சுட்டேன். "திருப்பலியில் வேண்டாம், தம்பி, கல்லறையில் பாடுங்கள், நானும் உங்களோடு நிற்கிறேன்" என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

பழங்காலத்தில் குருத்துவத்துக்குச் செல்லும் வழியில் சிறிய பட்டங்கள் நான்கு இருந்தன. அவற்றில் முதற்படி 'வாயில் காப்போர்' பட்டம். அதைப் பெறுபவன் ஆலயத்தின் சாவிகளைத் தொடுவான், கதவருகே அழைத்துச் செல்லப்படுவான், மணியை ஒலிப்பான். திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1972இல் அப்பட்டத்தை நீக்கினார். அதனால் என் தலைமுறைக் குருக்கள் எவரும் அதைப் பெற்றதில்லை. வகுப்பில் படித்ததோடு சரி. பட்டம்தான் நீங்கியதே தவிர, வேலை நீங்கவில்லை என்று இப்பொழுது எண்ணுகிறேன். ஒவ்வொரு பங்குத்தந்தையும் வாயில் காப்பவனே. அவன் கையில் சாவி இருக்கிறது. பூட்டுவதற்குப் பயன்படும் அதே சாவிதான் திறப்பதற்கும். 2009இல் மூன்று பேரை நான் தூணோரத்தில் நிற்க வைத்தேன். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர்களில் ஒருவன், எனக்கு அந்தத் தகுதி இல்லாதபொழுதும், என் கதவைத் தட்டினான்.

திருவெளிப்பாட்டு நூலின் மூன்றாம் அதிகாரத்தில் ஆண்டவர் கதவருகே நின்று தட்டுவதைக் காண்கிறோம். சாகும் மனிதன் விண்ணகக் கதவைத் தட்டுகிறான் என்கிறது பாட்டு. அதற்கு நெடுநாள் முன்பிருந்தே விண்ணகம் நம் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது என்கிறது மறைநூல். அன்று நள்ளிரவில் பங்கு இல்லத்தின் கதவைத் தட்டியது யாருடைய கை என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

குருக்களை நாம் திருவுடையோடு அடக்கம் செய்கிறோம். அது அழகிய மரபு. ஆயினும், அந்த வாயிலில் என் திருவுடை அனுமதிச்சீட்டு ஆகாது என்பதை அறிவேன். என் சின்னமும் கழற்றப்படும். நான் எய்த சொற்களும் கணக்கில் வைக்கப்படும். அன்று என் கை காலியாக இருக்க வேண்டுமானால் இன்றே இறக்கிவைக்கத் தொடங்க வேண்டும்.

அந்த இரவுக்குப் பின் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறேன். இளைஞர் யாரேனும் இறந்தால், அடக்கத்துக்கு முன் அவனுடைய நண்பர்களைத் தேடிச் சென்று, அவனுக்குப் பிடித்த பாட்டு எது என்று நானே கேட்கிறேன். கல்லறையை மந்திரித்தபின், தோளிலிருந்து கழுத்துப்பட்டையை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, ஓரமாக நிற்கிறேன். சிலர் பாடுகிறார்கள், சிலர் அழுகிறார்கள், சிலர் மண்ணைப் பார்த்தபடி நின்றுவிட்டுப் போகிறார்கள். கடைசி ஆள் போகும்வரை நான் புறப்படுவதில்லை.